தாயும் பிள்ளையும் ஒரே பாயில்

(ஆண்டு விடுமுறையில் நடைபெற்ற தாய்மார் – சிறார் மார்க்கக் கல்வி முகாமின் தொடக்க நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலம் அனைத்தையும் படைத்துக் காத்து வரும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

அன்பு நிறைந்த தாய்மார்களே! அருமைக் கண்மணிகளே! 

இன்று காலை இம்மதரஸாவின் வாசலில் ஒரு காட்சியைக் கண்டேன். ஒரு தாய் தம் இரு பிள்ளைகளையும் கையில் பிடித்து அழைத்து வந்தார். ஒருவன் தலையில் தொப்பியைச் சரி செய்தார். மற்றவள் கையில் சோற்றுத் தூக்கைக் கொடுத்தார். "நல்லா ஓதணும், சண்டை போடக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். வாசலில் நின்ற சகோதரி, "நீங்களும் வந்து உட்காருங்கம்மா, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்" என்றார். அதற்கு அந்தத் தாய், "எனக்கு இனிமே என்ன ஓதல்? என் காலம் போச்சு. பிள்ளைங்க ஓதினா எனக்கு அதுவே போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் சொல்லில் பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. தான் பெறாததைத் தன் பிள்ளை பெற வேண்டும் என்று எண்ணும் மனம் தாயின் மனம். ஆயினும் சகோதரிகளே, அந்தச் சொல்லில் ஒரு பேராபத்தும் மறைந்திருக்கிறது.

வாயும் வயிறும் வேறு

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளை உண்டால் தாயின் மனம் குளிரும். ஆனால் தாயின் பசி தீராது. அதுபோலத்தான் கல்வியும். பிள்ளை ஓதினால் தாய்க்கு மகிழ்ச்சி உண்டு. ஸாலிஹான பிள்ளையின் துஆ மரணத்துக்குப் பின்னும் பெற்றோரை வந்து சேரும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்திருக்கிறார்கள். அது உண்மையிலும் உண்மை. ஆனால் கப்ரில் உன் இறைவன் யார், உன் மார்க்கம் எது என்று கேட்கப்படும்போது, அருகில் நின்று பதில் சொல்லிக் கொடுக்கப் பிள்ளை வர முடியுமா? ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார் என்ற கருத்தைத் திருமறை பல இடங்களில் வலியுறுத்துகிறதே, அதைச் சிந்திக்க வேண்டாமா?

திருக்குர்ஆனின் 66ஆம் அத்தியாயம் 6ஆம் வசனத்தைப் பாருங்கள். ஈமான் கொண்டவர்களை விளித்து, நரக நெருப்பிலிருந்து காத்துக் கொள்ளும்படி அல்லாஹ் பணிக்கிறான். யாரை? முதலில் உங்களை, பிறகு உங்கள் குடும்பத்தாரை. 20ஆம் அத்தியாயம் 132ஆம் வசனத்தில், குடும்பத்தாரைத் தொழும்படி ஏவுமாறு சொல்லிவிட்டு, ஏவுகிறவரும் அதில் பொறுமையுடன் நிலைத்திருக்க வேண்டும் என்று உடனே சேர்த்துச் சொல்கிறான். பிள்ளையை அனுப்பிவிட்டு நாம் வாசலோடு திரும்பிவிடலாம் என்று இவ்விரு வசனங்களிலும் எங்கேனும் இடம் இருக்கிறதா?

உம்மு ஸுலைம் காட்டிய வழி

மதீனாவில் உம்மு ஸுலைம் (ரலி) என்று ஒரு தாய் இருந்தார்கள். தாம் இஸ்லாத்தை ஏற்றதும் தம் சிறு பிள்ளை அனஸுக்குக் கலிமாவைச் சொல்லிக் கொடுத்தார்கள். கணவரோ இஸ்லாத்தை ஏற்காதவர். என் மகனைக் கெடுக்கிறாயே என்று அவர் சினந்தார். நான் கெடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு அந்தத் தாய் தம் வேலையைத் தொடர்ந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அனஸுக்கு வயது பத்து. அந்தப் பிள்ளையை அழைத்துச் சென்று நாயகம் (ஸல்) அவர்களின் பணிக்கென்றே ஒப்படைத்தார்கள். பத்து ஆண்டுகள் அங்கே பணி செய்து பயின்ற அந்தப் பிள்ளைதான், 2,286 ஹதீதுகளை அறிவித்தவர் என்று ஹதீதுக் கலை அறிஞர்களால் கணக்கிடப்படும் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்கள்.

இவ்வளவும் நாம் பலமுறை கேட்டதுதான். ஆனால் இதன் மறு பாதியை நாம் கவனிப்பதில்லை. மகனை அனுப்பிவிட்டோம், இனி நமக்கென்ன என்று அந்தத் தாய் வீட்டில் இருந்துவிட்டார்களா? இல்லை. பெண்களுக்கே உரிய குளிப்புக் கடமை பற்றிய ஐயம் ஒன்று எழுந்தபோது, தாமே நேரில் வந்து கேட்டார்கள். சத்தியத்தைப் பற்றிப் பேச அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று முன்னுரையாகச் சொல்லிவிட்டுத் துணிந்து கேட்டார்கள். அன்று அவர்கள் கேட்ட அந்தக் கேள்வியின் பதிலால்தான் இன்றளவும் கோடானுகோடி பெண்கள் தம் கடமையை அறிந்து நடக்கிறார்கள். அன்ஸாரிப் பெண்களை வெட்கம் மார்க்கத்தை அறிவதிலிருந்து தடுக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள்.

அந்தக் குடும்பத்து வீட்டில் ஒரு பாய் இருந்தது. நெடுநாள் புழங்கிக் கறுத்துப் போன பாய். ஒரு நாள் அக்குடும்பத்து மூதாட்டி முலைக்கா (ரலி) அவர்கள் உணவு சமைத்து நாயகம் (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார்கள். உண்டு முடித்ததும், எழுங்கள், உங்களுக்குத் தொழவைக்கிறேன் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். அனஸ் (ரலி) அந்தப் பழைய பாயை எடுத்து நீர் தெளித்து விரித்தார்கள். நாயகம் (ஸல்) முன்னே நிற்க, அனஸும் ஓர் அனாதைச் சிறுவரும் பின்னே வரிசையாக நிற்க, அவர்களுக்குப் பின்னால் மூதாட்டி நின்றார்கள். இரண்டு ரக்அத் தொழுகை நடந்தது.

சகோதரிகளே! அந்த ஜமாஅத்தில் யார் யார் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டுப் பிள்ளை, அனாதைப் பிள்ளை, வயது முதிர்ந்த பெண். உனக்குக் காலம் போய்விட்டது என்று அந்த மூதாட்டியிடம் யாரும் சொல்லவில்லை. நீ சிறுவன், வெளியே போய் விளையாடு என்று அந்தப் பிள்ளைகளையும் யாரும் விரட்டவில்லை. இம்முகாம் ஒரு புதுமை என்று சிலர் எண்ணுகிறார்கள். புதுமையே அல்ல, அந்தக் கறுத்த பாயை மீண்டும் விரிக்கிறோம், அவ்வளவுதான்.

பிள்ளையின் முன் வெட்கமா?

தாய்மார்கள் பின்வாங்குவதற்கு நேரமின்மையைக் காரணம் சொல்கிறார்கள். ஆனால் உண்மைக் காரணம் பெரும்பாலும் அது அன்று. தனக்குச் சரியாக ஓத வராது என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடுமே என்ற அச்சம்தான்.

முன்பு ஒரு முகாமில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தாய் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். எட்டு வயது மகள் கையைப் பிடித்து இழுத்து வந்து முன்னால் உட்கார வைத்தாள். முறை வந்தபோது தாய் அல்ஹம்து சூராவை மெல்லிய குரலில் ஓதினார். இடையில் 'ஐன்' வரும் இடத்தில் வெறும் 'அ' ஒலித்தது. மகள் காதருகே குனிந்து, "உம்மா, தொண்டையிலேர்ந்து வரணும்" என்றாள். தாய் மீண்டும் ஓதினார். மீண்டும் வரவில்லை. அப்படியே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். மகளுக்கு முன் தலைகுனிவு வந்ததென்று அழுகிறார் என்றே எல்லோரும் எண்ணினோம். அவர் சொன்னது வேறு: "இருபது வருஷமா இப்படியேவா தொழுதுக்கிட்டு இருந்தேன்?"

அந்தக் கேள்வி என் நெஞ்சை உலுக்கியது. ஃபர்ளுத் தொழுகை மட்டுமே நாளொன்றுக்கு 17 ரக்அத். ஒவ்வொரு ரக்அத்திலும் அல்ஹம்து சூரா. இருபது ஆண்டில் ஒருவர் இலட்சத்துக்கு அண்மையில் அந்தச் சூராவை ஓதியிருப்பார். அவ்வளவு முறை நாவில் வந்த ஒன்றைச் சரிதானா என்று ஒரு முறையேனும் ஒருவரிடம் ஓதிக் காட்ட நமக்கு வாய்க்கவில்லை என்றால், யாரை நோவது?

அந்தத் தாய்க்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நிராசை வேண்டாம். கடந்து போன தொழுகைகளின் சட்டம், நேர்ந்த பிழை எத்தகையது என்பதைப் பொறுத்தது. அதை உங்கள் ஊர் ஆலிமிடம் தனியே கேட்டுத் தெளிவு பெறுங்கள். வாய்ப்பிருந்தும் கற்காமல் இருந்ததற்குத் தவ்பாச் செய்யுங்கள். அந்தத் தவ்பாவுக்கு அடையாளம், இன்றே கற்கத் தொடங்குவது. திக்கித் திணறி, சிரமத்தோடு குர்ஆனை ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறியிருக்கிறார்கள். இந்த அறையில் இரட்டைக் கூலிக்கு உரியவர்கள் யார்? சரளமாக ஓதும் சிறுவர்களா, தடுமாறும் தாய்மார்களா? நீங்களே சொல்லுங்கள்.

பிள்ளையிடமிருந்து கற்பது இழிவென்று எண்ணினால், அம்ரு இப்னு ஸலமா (ரலி) அவர்களின் வரலாற்றைக் கேளுங்கள். அவர்கள் கூட்டத்தார் நீர்நிலை ஒன்றின் அருகே வாழ்ந்தவர்கள். அவ்வழியே போகும் பயணிகளிடம் கேட்டுக் கேட்டே அந்தச் சிறுவர் குர்ஆன் வசனங்களை மனத்தில் பதித்துக் கொண்டார். ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றிக்குப் பின் அக்கூட்டத்தார் இஸ்லாத்தில் இணைந்தனர். குர்ஆன் அதிகம் அறிந்தவர் உங்களுக்கு இமாமாக நிற்கட்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை. தேடிப் பார்த்தார்கள், அந்தச் சிறுவரைவிட அதிகம் அறிந்தவர் எவருமில்லை. அப்போது அவருக்கு வயது ஆறோ ஏழோதான். அவரையே முன்னே நிறுத்தித் தொழுதார்கள்.

சிறுவரிடம் இருந்ததோ குட்டையான ஒரு துணி. ஸுஜூதுக்குப் போகும்போது அது மேலேறிவிடும். பின்னால் நின்ற ஒரு பெண்மணி, உங்கள் இமாமுக்கு உடுத்தச் செய்யக் கூடாதா என்ற கருத்தில் கேட்டார். துணி வாங்கி ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சட்டையைப் பெற்றதைப் போல வேறு எதற்கும் தாம் மகிழ்ந்ததில்லை என்று பிற்காலத்தில் அவர்களே நினைவுகூர்ந்தார்கள். சிறுவர் இமாமாக நிற்பது பற்றி மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் நாம் போகவில்லை. நாம் எடுத்துக் கொள்ளும் பாடம் இதுதான்: தெரிந்தவர் சிறியவர் என்பதற்காகப் பெரியவர்கள் வெட்கப்படவில்லை, பெரியவர்கள் தம்மைப் பின்பற்றினார்கள் என்பதற்காக அந்தச் சிறுவரைக் கவனிக்கும் பொறுப்பைக் கைவிடவும் இல்லை. பிள்ளை எழுத்தைத் திருத்தட்டும். தாய் பிள்ளையின் சட்டையைத் திருத்தட்டும். இரண்டுக்கும் ஒரே பாயில் இடமுண்டு.

நம் பாட்டிமார் அறிந்த எழுத்து

இந்தத் தடுமாற்றம் நம் வீடுகளில் எப்படி வந்தது? நம் முன்னோர் காலத்தில் அரபுத் தமிழ் என்று ஒன்று வழங்கியது. தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளுக்குப் புதிய குறிகளும் இட்டார்கள். கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் 'மகானீ', 'ஃபத்ஹுத் தய்யான்' ஆகிய சட்ட நூல்களை இம்முறையில்தான் எழுதினார்கள். ஒளு முதல் ஹஜ்ஜு வரை உள்ள சட்டங்களை வீட்டுப் பெண்கள் தாமே படித்து அறிய இத்தகைய நூல்கள் துணை நின்றன. பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காத பாட்டியும் அரபு எழுத்தை அறிந்திருந்தார். மடியில் பேரப்பிள்ளை அமர்ந்து அதைக் கேட்டது.

பிறகு தமிழ் எழுத்தில் படிக்கும் காலம் வந்தது. அது நல்லதே, நாம் குறை கூறவில்லை. ஆனால் அரபுத் தமிழ் வழக்கொழிந்தபோது, வீட்டுப் பெண்ணுக்கும் அரபு எழுத்துக்கும் இருந்த அன்றாட உறவும் பல வீடுகளில் அற்றுப் போயிற்று. யாஸீனைக் கூடத் தமிழ் எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்து ஓதும் நிலை வந்தது. தமிழில் உள்ளது ஒரே 'க'. அரபியில் அடித்தொண்டையில் பிறக்கும் 'காஃப்' வேறு, சற்று முன்னே பிறக்கும் 'காஃப்' வேறு. முன்னதைக் கொண்டு 'கல்பு' என்றால் உள்ளம். பின்னதைக் கொண்டு சொன்னால் நாய்! தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. வாயால் சொல்லிக் காதால் கேட்டு, ஒருவர் எதிரில் ஒருவர் அமர்ந்து பழகினாலன்றி இந்த வேறுபாடு நாவில் படியாது.

"கைப்பேசியில் எல்லாம் கேட்கிறோமே, போதாதா?" என்று சிலர் வினவக் கூடும். கேளுங்கள், நன்மையே. ஆனால் அது நமக்கு ஓதிக் காட்டும். நாம் எதிரில் அமர்ந்து ஓதிக் காட்டும் உஸ்தாதுக்கு அது ஈடாகுமா? பிழையோடு ஓதும்போது முகம் பார்த்து நிறுத்தி, "மறுபடி சொல்லுங்கம்மா" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அதற்காகவே இந்தப் பாய்.

ஐயாயிரம் முறை

பிள்ளைகளை ஏழு வயதில் தொழும்படி ஏவச் சொன்ன நாயகம் (ஸல்) அவர்கள், கண்டிப்பைப் பத்து வயதில்தான் குறிப்பிட்டார்கள். இடையே மூன்று ஆண்டுகள். சந்திர ஆண்டுக்கு 354 நாள் என்று கொண்டால் 1,062 நாள். வேளைக்கு ஒரு முறை என்றால் 5,310 முறை. அத்தனை முறை பொறுமையாக, அன்பாக, வாயால் மட்டுமே சொல்லிப் பழக்க வேண்டும். அதில் பெரும் பகுதி வீட்டில் தாயின் கண்முன் வரும் வேளைகள். தான் எழுந்து ஒளுச் செய்துகொண்டே "வா கண்ணு, தொழுவோம்" என்று சொல்லும் தாய்க்கு 5,310 முறை சொல்வது பாரமில்லை. தான் அமர்ந்துகொண்டு "போ, தொழு" என்று சொல்லும் தாய்க்கோ பத்தாவது முறையே வாய் வலித்துவிடும். பிள்ளைக்கும் காது மரத்துவிடும்.

சில ஐயங்கள்

தொழுகை இல்லாத நாள்களில் முகாமுக்கு வரலாமா என்று சகோதரிகள் கேட்கிறார்கள். தாராளமாக வரலாம். இரு பெருநாள் திடலுக்கு அந்நிலையில் உள்ள பெண்களையும் அழைத்து வரும்படியும், அவர்கள் தொழும் இடத்தை விட்டு ஒதுங்கியிருந்து நன்மையிலும் துஆவிலும் கலந்து கொள்ளும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கிறார்கள். குர்ஆனைத் தொடாமல், ஓதாமல், அமர்ந்து கேளுங்கள், சட்டங்களைப் படியுங்கள்.

கைக்குழந்தை அழுதால் என்ன செய்வது? நாயகம் (ஸல்) அவர்கள் நீண்ட நேரம் தொழவைக்க எண்ணி நின்றும், பின்னால் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக் கொண்டார்கள். தொழுகையே குழந்தைக்காகச் சுருங்கியது என்றால், இந்த வகுப்பு சற்று நின்றால் என்ன குறைந்துவிடும்? அழும் குழந்தையைப் பார்த்து யாரும் இங்கே முகம் சுளிக்கக் கூடாது. சிறு பிள்ளைகள் சோர்ந்தால் விளையாடட்டும். ஆஷூரா நோன்பன்று பிள்ளைகளையும் நோன்பு நோற்கச் செய்து, பசித்து அழுதால் கம்பளியால் விளையாட்டுப் பொருள் செய்து கொடுத்துப் பொழுதைப் போக்கியதாக ருபைய்யிஉ (ரலி) என்ற நபித்தோழி அறிவிக்கிறார்கள். கண்டிப்பும் கனிவும் அவர்கள் கையில் ஒன்றாகவே இருந்தன.

இல்லத்துத் தலைவர்களுக்கும் ஒரு சொல். இந்த ஐந்து நாளும் "மதியச் சோற்றுக்கு யார் உலை வைப்பது?" என்று கேட்டு மனைவியை வாசலோடு திருப்பி அழைக்காதீர்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது வீட்டாரின் பணியில் உதவுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து நாள் உலை வைக்கும் ஸுன்னத்து உங்களுக்கு வாய்த்திருக்கிறது என்று மகிழுங்கள்.

கண்மணிகளுக்கு

பிள்ளைகளே! உம்மா ஓதும்போது தவறு வந்தால் சிரிக்கக் கூடாது. பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லக் கூடாது. உங்களுக்கு 'உம்மா' என்று சொல்ல வாய் வராதபோது, 'ம்மா, ம்மா' என்று நீங்கள் குழறியதை எத்தனை நாள் கேட்டு மகிழ்ந்து திருத்தியவர் அவர்! சிறு வயதில் என்னை வளர்த்தது போல் என் பெற்றோருக்கு அருள்புரிவாயாக என்ற கருத்தில் துஆச் செய்ய அல்லாஹ் நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறான். வாயால் கேட்கும் அந்த துஆவோடு, கையில் கிடைத்திருக்கும் இந்த வாய்ப்பையும் சேர்த்துக் கொள்ளுங்கள். அவர் பொறுத்த பொறுமையில் ஒரு பங்கை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள்.

முகாம் முடிந்த பின்

தாய்மார்களே! முகாம் ஐந்து நாளில் முடிந்துவிடும். பந்தலைப் பிரித்துவிடுவார்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பாயை யாரும் சுருட்ட முடியாது. மஃரிபு தொழுததும் பத்து நிமிடம் போதும். தாய் ஐந்து வரி ஓதப் பிள்ளை கேட்கட்டும். பிள்ளை ஐந்து வரி ஓதத் தாய் கேட்கட்டும். வாரம் ஒரு சட்டம் படித்து இருவரும் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக் கொள்ளட்டும். தெரியாததைக் குறித்து வைத்து ஆலிமாவிடம் கேளுங்கள். இவ்வளவே நான் வேண்டுவது.

காலையில் வாசலோடு திரும்பிப் போன அந்தத் தாயின் வீடு உங்களில் யாருக்கேனும் தெரிந்திருக்கும். இன்று மாலை போகும் வழியில் அவரை எட்டிப் பார்த்து, உங்கள் காலம் போகவில்லை, உங்களுக்கென்று பாயில் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். நாளைக் காலை அவர் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தால், இம்முகாம் பயன் தந்துவிட்டது என்று பொருள்.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளின் தடுமாற்றத்தை நீக்குவாயாக! கற்பதற்கு வெட்கப்படும் உள்ளத்திலிருந்து எங்களைக் காப்பாயாக! எங்கள் தாய்மார்களைப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிகளாகவும், எங்கள் பிள்ளைகளைத் தாய்மார்களின் கண்குளிர்ச்சியாகவும் ஆக்குவாயாக! இங்கே ஒரே பாயில் எங்களை அமர்த்தியது போல் நாளை உன் சுவனத்திலும் எங்களை ஒன்றாக அமர்த்துவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.